எடில்மா எழுந்து நின்றால்

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்று பாதிரியார் சொல்வதை நம்பாதீர்கள். ஏழாம் நாள் முழுக்க அவர், எங்கள் கமிட்டியின் கண்காணிப்பாளர் தோன்யா எடில்மா கிரிசாலெஸ் கேட்ட கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தார். இந்த எரிமலையை எங்கள் தலைக்கு மேலே வைக்கலாம் என்று எந்தக் கூட்டத்தில் முடிவானது? எத்தனை பேர் கை தூக்கினார்கள்? கடவுளிடம் பதில் இல்லை. விவகாரம் இன்னும் முடியாததால்தான் எரிமலை இன்று வரை புகைந்துகொண்டிருக்கிறது.

இது கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்பக் கொஞ்சம்.

மலைநகரமான மனிசாலெஸில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும் இடத்திலிருந்து இருநூற்றுப் பதினாலு படி ஏறினால் எங்கள் பேட்டை, ஆல்டோ நரான்ஹோ. படி முடிகிற இடத்தில் பச்சைத் தகரக் கூரை போட்ட சமூகக் கூடம். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அங்கேதான், தடுப்பூசி அங்கேதான், பிறந்தநாள் ஆட்டம் அங்கேதான், செத்தவரைக் கிடத்தி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து காப்பி குடிப்பதும் அங்கேதான். கூடத்தை நடத்துவது ஏழு பேர் கொண்ட கமிட்டி. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அதில் பாதியை வழங்குவது நான்.

என் பெயர் யுலேய்டி. வயது பதினாறு. பள்ளிக்கூடமும் நானும் இப்போதைக்குப் பேசிக்கொள்வதில்லை. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

தோன்யா என்பது பெரிய மனுஷிகளுக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை, ஆண்களுக்குத் தோன். எடில்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறார். அந்தப் பழக்கத்தில், கையில் எது கிடைத்தாலும் மூலையோடு மூலை பிடித்து நாலாக மடித்துவிடுவார். நோட்டீஸ், பிளாஸ்டிக் பை, அரேபா ரொட்டி சுற்றி வந்த காகிதம், எதுவும் தப்பாது. அவர் கணவர் ராமிரோ வருஷா வருஷம் குள்ளமாகிக்கொண்டே போவதற்கும் இதுதான் காரணம் என்று ஊரில் பரப்பியது நான்தான்.

கூடம் கட்டிய காலத்தில் நான் பிறக்கவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் படி நெடுகிலும் ஆட்கள் நின்று, கீழே லாரி இறக்கிய கற்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்களாம். மேலே பெரிய அண்டாவில் சூப்பு கொதிக்குமாம். எடில்மா நின்றது தொண்ணூற்றொன்றாம் படி. இப்போதும் வேலை முடிந்து வரும்போது அந்தப் படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் ஏறுவார். கேட்டால் முட்டிவலி என்பார். தொண்ணூறாம் படியில் வராத முட்டிவலி.

அவர் கண்காணிப்பாளர் ஆன கதை எங்கள் பேட்டைக்கே உரிய கதை. அந்தப் பதவியை யாரும் விரும்பமாட்டார்கள். மற்ற ஆறு பேர் செய்வது விதிப்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எழுந்து நின்று "ஆட்சேபம்" என்று சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே படியில் ஏறி இறங்குகிறவர்கள். யார் யாரைப் பகைத்துக்கொள்வது? ஆகவே எங்கள் வழக்கப்படி, கூட்டத்துக்கு வராதவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை எடில்மாவுக்கு வேலை நாள்.

சாயங்காலம் களைத்துப்போய் ஏறி வந்தவரைப் படியிலேயே பிடித்து, "வாழ்த்துக்கள் தோன்யா எடில்மா! நீங்க கண்காணிப்பாளர் ஆயிட்டீங்க!" என்று சிரித்தார்கள்.

"அப்படியா? விதிப் புத்தகம் எங்க இருக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ரொம்ப நேரம் தேடி, டோமினோ ஆடும் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். எடில்மா அதை உருவி எடுத்துப் போய்ப் படித்தார். அன்றிலிருந்து கமிட்டி நேராக நிற்கிறது, மேசை ஆடுகிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. கூடத்தில் விசேஷமும் சாவும் ஒரே நாளில் வந்தால் சாவுக்குத்தான் முதலிடம். அதைச் சேர்க்கச் சொன்னவர் தலைவர் தோன் அர்னுல்ஃபோ எனாவோ. கொத்தனார். பதினோரு வருஷமாகத் தலைவர். பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் இருமி, தொண்டையைப் படிக்கட்டு மாதிரி கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் பேசுவார். நல்ல மனுஷர், கோபம் வராதவரை.

போன மார்ச்சில் அவர் மகளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். எங்கள் பக்கத்தில் அது கல்யாணத்துக்குச் சமம். கூடத்தில் பலூன் கட்டியாகிவிட்டது, மூன்றடுக்குக் கேக்கும் படி ஏறிவிட்டது. அன்று காலை பார்த்து மேல்தெருக் கிழவர் செத்துப்போனார். அவர் வீடோ சவப்பெட்டி திரும்ப முடியாத சந்தில்.

"ஒரே ஒரு நாள், தோன்யா எடில்மா. செத்தவருக்கு என்ன அவசரம்?" என்றார் அர்னுல்ஃபோ.

"விதி நீங்க போட்டது."

"என் மகளுக்கு எதிராவா போட்டேன்?"

"யாருக்கு எதிராவும் போடல. அதனாலதான் அது விதி. பலூனை அவுத்துடுங்க."

விழா தெருவுக்கு வந்தது. மழையும் வந்தது. சவத்துக்குப் பக்கத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த எடில்மா எழுந்து போய், பிறந்தநாள் முடியும்வரை கேக்குக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்தபடி நின்றார். அர்னுல்ஃபோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார்: "அந்தப் பொம்பள உக்கார்ற இடத்துல இனிமே நான் உக்காரமாட்டேன்."

அங்கேதான் கணக்கு உதைத்தது. கமிட்டி நடக்க ஏழில் ஐந்து பேர் வேண்டும். ஒருவர் ஸ்பெயினுக்குப் போய்விட்டார், இன்னொருவர் மகளோடு பெரெய்ராவுக்கு. மீதி ஐந்து பேரில் ஒருவர் ரோஷத்தில். அடுத்து வந்த கூட்டத்தில் நாலு பேர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது கூட்டமும் ஆள் இல்லாமல் கலைந்தால் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்; அதன்பிறகு கூடம் யாருக்குப் போகும் என்று நாங்கள் கேட்க முடியாது.

கூடம் போனால் எனக்கென்ன? திட்டு மிச்சம். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செயலாளர் ஒஃபெலியா கெஞ்சிப் பார்த்தார். "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க, அக்கா. வாய் என்ன தேஞ்சா போயிடும்?"

"தப்புப் பண்ணியிருந்தா முட்டி போட்டுக் கேப்பேன், ஒஃபெலியா. பண்ணாததுக்குக் கேட்டா, நாளைக்கு ஒரு ஏழை வீட்டுச் சாவுக்கு இந்தக் கதவு திறக்குமா?"

ஆனால் கூட்ட நோட்டீஸை நேரில் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. எடில்மா அதை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு அர்னுல்ஃபோ வீட்டு வாசலுக்கே போனார். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் வீட்ல இல்லைன்னு அந்தம்மாகிட்ட சொல்லு!"

மனைவி பாவம், வாசலில் நெளிந்தார். "அவரு வீட்ல இல்லையாம், தோன்யா எடில்மா."

"சரிம்மா. வீட்ல இல்லாதவரு வந்ததும், ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணின்னு சொல்லிடுங்க."

ஞாயிறு பத்து மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. கமிட்டிக்காரர்கள் மட்டுமல்ல, ஊரே வந்திருந்தது. நகராட்சிப் பெண் கோப்போடு முன்னால் உட்கார்ந்திருந்தாள், சின்ன வயது, படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. பத்தரை வரை காத்திருக்கலாம், அதற்குமேல் தனக்கு அதிகாரம் இல்லை என்றாள்.

பத்து இருபதுக்கு ஒஃபெலியா பெயர் கூப்பிட்டார். நாலு பேர் "வந்திருக்கேன்" சொன்னார்கள்.

"அர்னுல்ஃபோ எனாவோ?"

ஒஃபெலியா வாசலை எட்டிப் பார்த்தார்.

"அர்னுல்ஃபோ எனாவோ?"

"வந்திருக்கேன்!" என்று கரகரத்த ஒரு குரல் பின்பக்கத்துச் சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டது. அதன்பிறகு ஒரு இருமல்.

அது நான். வெளியே ஒரு பழைய பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, ஜன்னலுக்குக் கீழே ஏறி நின்றிருந்தேன். இந்தத் தொண்டையால்தான் ஒருமுறை தலைமை ஆசிரியர் குரலில் பள்ளிக்கு விடுமுறை அறிவித்தேன். அவர்கள் எனக்கு நிரந்தர விடுமுறை கொடுத்தார்கள்.

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். நகராட்சிப் பெண்ணுக்கு அர்னுல்ஃபோவையும் தெரியாது, ஆண்டவரையும் தெரியாது. பேனா காகிதத்தைத் தொடப்போனது. ஒஃபெலியா கூரையில் எதையோ தேடினார். பொருளாளர் தன் செருப்பை முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். ஊர் முழுக்க ஒரே நொடியில் ஊமையாகிவிட்டது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

எடில்மா எழுந்து நின்றார்.

"ஆட்சேபம்."

"ஐயோ, உக்காருங்கக்கா!" என்று யாரோ கத்தினார்கள். "கையில வந்ததக் கீழ போடாதீங்க!" என்றது இன்னொரு குரல். "எங்க பிள்ளைங்க சாப்பாட்டுக்கு எங்க போகும்?" என்று ஒரு தாய் அழவே தொடங்கிவிட்டாள்.

எடில்மா அவளைப் பார்த்தார். மடிக்க ஏதாவது கிடைக்குமா என்று அவர் கைகள் மேசையில் தேடின. எதுவும் இல்லை.

"அது அர்னுல்ஃபோ இல்ல," என்றார். "அர்னுல்ஃபோ ஜன்னல் வழியா வர்ற ஆளு இல்ல. வந்தா வாசல் வழியாத்தான் வருவாரு. இந்த நாலு செவத்தையும் அவரு கையாலதான் வச்சாரு. மழைல கரைஞ்சு விழுந்த வடக்குச் செவத்த, யாரும் கேக்காமயே, மறுபடி ஒத்தையா நின்னு வச்சாரு. பதினோரு வருஷத்துல அவரு வராத கூட்டம் மூணு. ரெண்டு, அவங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப. மூணாவது, என்னால. அப்படிப்பட்ட மனுஷன் 'வந்திருக்கேன்'னு சொல்றதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. அத வேற யாரும் அவரு பேர்ல சொல்லக் கூடாது. கூடம் போனாலும் சரி. இத எழுதிக்கோ, ஒஃபெலியா."

ஒஃபெலியா எழுதினார். நகராட்சிப் பெண், தான் எழுதப்போன இடத்தில் மெதுவாக ஒரு கோடு போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து இருபத்தாறு. இருபத்தேழு. என் வாழ்க்கையில் நான் யாரையும் அவ்வளவு வெறுத்ததில்லை. அதே சமயம், அங்கே நிற்கிறவர் எங்கள் ஊர்க்காரர் என்று உலகத்துக்கே கூவிச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், இருந்தது.

இருபத்தெட்டில் முன்வாசலில் ஒரு இருமல்.

அர்னுல்ஃபோ நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். கூரைத் தண்ணீர் போகிற குழாயைப் பார்க்கத்தான் வந்தாராம். அதைக் காலை ஒன்பதே முக்காலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுபடி இருமினார். "எந்தக் கழுதை அது? என் குரல் அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

கூடம் வெடித்துச் சிரித்தது. எடில்மா மட்டும் சிரிக்கவில்லை. "நேரம் போகுது. பேரை முறையாக் கூப்பிடு, ஒஃபெலியா."

"அர்னுல்ஃபோ எனாவோ?"

அவர் நடந்து வந்து, எடில்மாவுக்கு நேர் எதிரே இருந்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் இருமினார், பிறகு சொன்னார். "வந்திருக்கேன்."

நகராட்சிப் பெண் எடில்மாவைத்தான் பார்த்தாள். ஊரும் எடில்மாவைத்தான் பார்த்தது.

"ஆட்சேபம் இல்ல," என்று சொல்லிவிட்டு எடில்மா உட்கார்ந்தார்.

அதன்பிறகு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கைதட்டல் கூரைத் தகரத்தை அதிர வைத்ததும் டின்னிலிருந்து இறங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஓடியிருக்க வேண்டும். கால் மரத்துப்போயிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலே ஜன்னல் திறந்தது. எடில்மாவின் முகம்.

"அவரு இருமிட்டுத்தான் பேசுவாரு, மகளே. நீ பேசிட்டு இருமினே."

"நான் இல்ல, தோன்யா எடில்மா. நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"சும்மா வந்தவ ஏன் அழறே?"

"அழலையே. வெங்காயம்."

அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டி, இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பதினெட்டு வருஷப் பழக்கம், ஒன்றையும் விடமாட்டார்.

"எங்க இருக்கு?"

நானும் பார்த்தேன். ஒரு பெயிண்ட் டின் இருந்தது. ஒரு சுவர் இருந்தது.