ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குள்

அண்ணனைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் தம்புள்ளையில் இருந்த அவனுடைய கூட்டாளி போன் பண்ணினான்.

"தங்கச்சி, மியூசியத்துல ஒங்கண்ணன் படம் இருக்குற ரூம ரிப்பேர் பண்ணப் போறாங்களாம். வாற ஞாயித்துக்கிழமை நாலரையோட மூடுறாங்க. மறுநாளே சுவத்துல உள்ள படத்தையெல்லாம் கழட்டிருவாங்க."

"ரிப்பேர் முடிஞ்சா திரும்ப மாட்டுவாங்க தானே?"

"அது யாருக்குத் தெரியும். புதுசு புதுசா மாட்டுவாங்க போல."

அண்ணனுடைய நல்ல படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கொழும்பில் கட்டட வேலைக்குப் போனவன், ஒரு சனிக்கிழமை சாரத்திலிருந்து விழுந்தான். போனும் அவனோடு சேர்ந்து விழுந்து நொறுங்கிவிட்டது. பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து எல்கடுவைக்கு, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு, திங்கட்கிழமை விடியலில்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே புதைத்தோம். மரண அறிவித்தலுக்கு அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். பதினாறு வயதில் எடுத்தது. எண்ணெய் வழியச் சீவி, கண்ணை உருட்டிக்கொண்டு, வேறு யாரோ வீட்டுப் பையன் மாதிரி இருந்தான். அம்மா அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் தம்புள்ளைப் பக்கம் பழைய காலத்துச் சாமான் தோண்டுகிற இடத்தில் நாலு மாதம் கூலி வேலை செய்தான். தோண்டி எடுத்த சட்டியும் பாசிமணியும் தம்புள்ளை மியூசியத்துக்குப் போயின. கூடவே, குழிக்குள் நின்று வேலை செய்தவர்களைப் பிடித்த படம் ஒன்றையும் அங்கே சுவரில் மாட்டினார்கள். அண்ணன் நடுவில் நிற்கிறானாம். "நான் மியூசியத்துல இருக்கேன். பாக்கணும்னா டிக்கட் வாங்கிட்டு வாங்க" என்று எங்களைச் சீண்டுவான். நாங்கள் பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவுக்குப் போகலாம் என்போம், மழை வரும். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கும். அப்படியே போகாமல் விட்டோம்.

கூட்டாளியிடம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏற்கெனவே எடுத்துப் பார்த்தானாம், அனுப்பினான். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடித்து, அண்ணன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. மறுநாள் கூட்டாளி திருகோணமலைக்கு வேலைக்குப் போகிறான். இனி ஆளில்லை. நாங்கள்தான் போக வேண்டும்.

வியாழக்கிழமை கொழுந்து எடுக்கப் போகிற மாதிரிப் புறப்பட்டு, தம்புள்ளைக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். கொழுந்துக் கூடையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அம்மா என் மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

"எங்கடி போகப் போற?"

சொன்னேன்.

"அங்க வாசல்லயே புள்ளையார் செல இருக்குன்னு அவன்தானே சொன்னான். அம்மன் செல இருக்கு, புத்தர் இருக்காரு. தீட்டோட போயி அது முன்னுக்கு நிப்பியா?"

"அது கோயில் இல்லம்மா. பூசை கூட கெடையாது."

"டிக்கட் வாங்கிப் பாத்தா சாமி இல்லன்னு ஆயிருமா?"

கூடையைத் திரும்ப மூலையில் வைத்தேன். அம்மாவே சொன்னாள்: "கருமாதி முடியட்டும். நானும் வாரேன். எனக்கும் அவனப் பாக்கணும்."

பதினாறாம் நாள்தான் கருமாதி. அது எந்த நாள் என்பதில்தான் சிக்கல். சனிக்கிழமை செத்தான் என்று எண்ணினால் பதினாறாம் நாள் ஞாயிறு. ஆனால் அம்மா திங்கட்கிழமையிலிருந்துதான் எண்ணினாள். "கொழும்புல நடந்தது எனக்குத் தெரியாது. நம்ம வாசலுக்கு அவன் வந்து படுத்தது திங்கக்கிழமதான்" என்றாள். அவள் கணக்கில் கருமாதி செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்தச் சுவரில் ஆணி மட்டும்தான் இருக்கும்.

நான் பல்லேபொலவில் இருக்கிற மாமாவுக்குப் போன் பண்ணி அழுதேன். அவர் அம்மாவுக்குத் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று பகலே வந்து அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, உசுரு போன நாள்தான் கணக்கு. ஊரு ஒலகத்துல எல்லாருக்கும் அதான். ஞாயித்துக்கிழமயே வையி."

அம்மா தலையை ஆட்டினாள். சரி என்று வாயால் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த வாரம் கலண்டர் தாளின் பின்பக்கம் நான் போட்ட கணக்கைப் போலப் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் போட்டதில்லை. மியூசியம் மூடுவது நாலரை. டிக்கட் கொடுப்பது நாலு மணி வரைக்கும்தான். பஸ்ஸை நம்ப முடியாது. மாமாவின் ஆட்டோவில் மாத்தளைக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து தம்புள்ளைக்கு ஒன்றரை மணி நேரம், மியூசியத்தைத் தேடிக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம். ஒரு மணிக்குப் புறப்பட்டால் போதும். சடங்கு ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குச் சாப்பாடு முடியும். சடங்கு செய்கிற பண்டாரத்திடம் மூன்று தடவை சொன்னேன். "ஏழுன்னா ஏழு புள்ள" என்றார்.

ஞாயிறு ஏழு ஆனது, எட்டு ஆனது, பண்டாரம் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு கருமாதியாம். வந்தபோது பத்தே முக்கால்.

"நேரம் போவுதுங்க" என்றேன்.

"செத்தவனுக்கு என்ன புள்ள அவசரம்" என்றார்.

"அவனுக்கு இல்ல, எங்களுக்குத்தான்" என்றார் மாமா. "ரெண்டரை மணி நேரம் ஓட்டணும். மந்திரத்துல எதுவும் கொறைக்க ஏலாதா?"

"ஆட்டோவுல ஒரு சில்லக் கழட்டிட்டு ஓட்டுவியா?"

பண்டாரம் எதையும் குறைக்கவில்லை. முடிய பன்னிரண்டரை. பிறகு வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் ஒருத்தரை அனுப்பினாலும் அண்ணன் பசியோடு போவான் என்று அம்மா நினைப்பாள். நான் இலை போட்டேன், சோறு போட்டேன், ஒவ்வொருவர் கை எத்தனை தடவை வாய்க்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பெரியப்பா ரசத்தை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். அவரை அன்றைக்கு நான் வெறுத்தேன், உண்மையாகவே. கருமாதி முடிந்த கையோடு மியூசியத்துக்கு யார் போவார்கள் என்று பின்னால் ஒரு பெண் சொன்னதும் காதில் விழுந்தது.

ஆட்டோ ஏறும்போது ஒன்று இருபத்தைந்து. மாத்தளையும் நாலந்தாவும் தாண்டி மழை பிடித்தது. மாமா கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். நான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை போனில் நேரம் பார்த்தேன். மியூசியம் வாசலில் இறங்கும்போது நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. ஓடிப்போய் மூன்று டிக்கட் எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா படிக்குக் கீழேயே நிற்கிறாள். கதவு வழியாக உள்ளே கல் பிள்ளையார் தெரிந்தது.

"வாம்மா."

"என் கணக்குக்கு இன்னைக்குப் பதினாலுதான்டி."

"கருமாதியே முடிஞ்சிருச்சு."

"பண்டாரத்துக்கு முடிஞ்சிருச்சு. எனக்கு முடியல. நீ போய்ப் பாத்துட்டு வா."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு ஓடி. "அப்ப நானும் போகல. நாளைக்கு அவனக் கழட்டி எங்கயாவது போடட்டும்" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா மழைக்குள் போய் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

அம்மா சேலைத் தலைப்பை முக்காடு போட்டு முகம் வரைக்கும் இழுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கையை நீட்டினாள்.

"நான் ஒருத்தரையும் பாக்க மாட்டேன். கூட்டிட்டுப் போ. அவன் முன்னுக்குப் போனதும் சொல்லு."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பிள்ளையார், கையில்லாத அம்மன், உட்கார்ந்திருக்கிற புத்தர். அம்மாவின் கால் தரையைத் தடவித் தடவி வந்தது. வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். சிங்களக் காவலாளி ஒருவர், அம்மாவுக்குக் கண் தெரியாது என்று நினைத்து, ஒரு நாற்காலியை வழியிலிருந்து தள்ளி வைத்தார்.

உள் அறையில் பாதிக் கண்ணாடிப் பெட்டிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ரெண்டு சுவர் காலியாக இருந்தது. மூன்றாவது சுவரில் படம் இருந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிது.

"அம்மா, கண்ணத் தொற."

அண்ணன் குழிக்குள் இடுப்பளவு நிற்கிறான். கையில் கறுப்பும் வெள்ளையும் பூசிய அளவுகோல். வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, படம் பிடிக்கிறவர் ஏதோ சொன்னதற்குச் சிரிக்கிறான். மூக்கில் மண். கீழே எழுதியிருந்ததில் பெயர் இல்லை, 'பணியாளர்கள்' என்று மட்டும் இருந்தது.

அம்மா அழவில்லை. "கழுத்தெல்லாம் கறுத்துப் போயிருக்கு. தொப்பி போடச் சொன்னேன், கேட்டானா" என்றாள். கிட்டே போய்க் கண்ணாடியில் அவன் கன்னம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தொடக்கூடாது என்று அங்கே எழுதியிருந்தது.

நான் போனை எடுத்தேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், குந்தி உட்கார்ந்து, வெளிச்சம் விழாத இடம் தேடித் தேடிப் பதினேழு படம் எடுத்தேன். ஐந்துதான் சரியாக வந்தன. ஐந்திலும் முகம் தெரிந்தது.

நாலு இருபதுக்குக் காவலாளி வந்தார். கண் தெரியாத அம்மா படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒரு மாதிரி ஆகிவிட்டார்.

"மூடப் போறோம், அம்மே" என்றார் சிங்களத்தில்.

அம்மா அண்ணனைக் காட்டி, "இது என் மகன்" என்றாள். அவளுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும்.

காவலாளி கிட்டே வந்து படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சிரித்தார். "மூக்கு அப்படியே அம்மே மாதிரி. மகன் வரல்லையா? எங்க இப்ப?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"வேலைக்குப் போயிருக்கான்."

"அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க. படம் இல்லாட்டி நான் ஸ்டோர்ல தேடி எடுத்துக் காட்டுறேன்" என்றார். "சும்மா வந்துறாதீங்க. ரிப்பேர் எப்ப முடியும்னு எங்களுக்கே தெரியாது. போன் பண்ணி, தொறந்திருக்கான்னு கேட்டுட்டு வாங்க."

அம்மா சரி என்றாள். என் பக்கம் திரும்பி, "நம்பர வாங்கிக்க" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.