காலைப் பார்த்து நடந்தவள்

அக்கா தன் மகளுக்குச் சைக்கிள் பழக்குகிறாள். "காலப் பாருடி!" என்று அவள் கத்த, குழந்தை மறுபடி விழுகிறது.

எட்டு வயதில் நான் கேட்ட அதே கத்தல். பாம்பனில் மாதா திருவிழாவன்று குடும்பங்களை வல்லத்தில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டுவார்கள். கரையிலிருந்து ஏற ஒற்றைப் பலகைதான். "காலப் பாரு," என்றார் அப்பா. "முட்டிய மடக்குடி," என்றாள் அத்தை. "கைய விரி," என்றாள் அக்கா. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், மூன்றாவதற்கு வருமுன் தண்ணீரில் கிடந்தேன். வல்லம் என்னை விட்டுவிட்டுப் போனது.

மறுநாள், கரைக்குத் திரும்பியிருந்த வல்லத்தில் தொங்கிய காகிதத் தோரணத்தையே பார்த்துக்கொண்டு தனியாகப் போனேன். அதைப் பறித்த பிறகுதான் பலகையைக் கடந்துவிட்டது தெரிந்தது.

"கால் பேச்ச விடுக்கா. அந்தப் பனையப் பாத்து ஓட்டச் சொல்லு," என்றேன் இப்போது.

"பலகையில நடக்கத் தெரியாம விழுந்தவ, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!"

நான் கடந்ததைப் பார்த்தவர் ஒருவருமில்லை.