டாங்கிப் படைக்கு நான் வரைந்த வரைபடங்கள்

எழுபத்தைந்தாம் ஆண்டு மார்ச் மாதம் நாங்கள் மெல்பேர்ணின் புறநகரான ஸ்பிரிங்வேலுக்குக் குடிவந்தோம். கலியாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு மெல்பேர்ண் நகரத்தில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் படவரைஞர் வேலை. கொழும்பில் நில அளவைத் திணைக்களத்திலும் அதே வேலைதான் பார்த்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே படிப்பிப்பதற்கு அனுமதி வரும்வரை தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டின் முன்பக்கம் சொந்தக்காரர் இருந்தார், பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள். அவர் ஒரு ஜேர்மன்காரர். மனைவியை இழந்தவர், பேருந்து திருத்தும் மெக்கானிக், வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வரைபலகையைத் தோளில் சுமந்து வந்து இறக்கிய அன்றே பின்கதவைத் தட்டினார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என் நினைவில் அதெல்லாம் எங்கள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"நீர் வரைபடம் கீறுவீரோ?"

"அதுதான் என்ர தொழில்."

"அப்ப எனக்கு மூண்டு கீறித் தாரும். நான் சண்டைக் காலத்தில டாங்கி ஓட்டினவன். எங்கட ரெஜிமென்டின்ர சரித்திரத்தைப் புத்தகமாப் போடப் போகினமாம். மிச்சம் இருக்கிற ஆக்கள் ஜேர்மனியில ஒரு சங்கம் வைச்சிருக்கினம். ஓட்டினவனுக்குத்தான் வழி தெரியும் எண்டு என்னட்டைக் கேட்டு எழுதியிருக்கினம்."

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கதவடிக்கு வந்தாள். "இஞ்சருங்கோ, இட்லரின்ர டாங்கியோ?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். அந்த ஒரு பெயர் அவருக்கும் விளங்கிவிட்டது. "ஓம்," என்றார், தரையைப் பார்த்தபடி. "அவற்ற டாங்கிதான். நான் அதின்ர சாரதி."

நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஒவ்வொரு கோடும் போடுவதற்கு முன், அந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். விளங்காமல் கோடு போட்டால் என் கைக்கு அது சரிவராது. அவர் சம்மதித்தார். சனிக்கிழமைக் காலைகளில் அவருடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில், உட்கார்ந்தோம். அவர் கோப்பி ஊற்றுவார், மனைவி வடையோ ரொட்டியோ கொண்டு வருவாள். அப்படித்தான் ஒரு ஜேர்மன் டாங்கி ரெஜிமென்டின் போர்க்கால வரலாறு எங்களுக்குத் தெரியவந்தது. புத்தகங்களில் படித்த பெரிய தளபதிகள் அதில் வரவே இல்லை. எந்தப் பாலம் டாங்கியின் பாரத்தைத் தாங்கியது, எந்தத் தோட்டத்தில் ஆப்பிள் பழுத்திருந்தது, எந்த மலைச்சரிவில் இயந்திரம் கொதித்தது என்பதுதான் அவருடைய சரித்திரம்.

முதல் வரைபடம் போலந்து. எல்லையைக் கடந்து கிழக்கே போன பாதையை அவர் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதில ஒரு ஊர் இருந்தது. பேர் தெரியாது. மரப்பாலம் ஒண்டு, பக்கத்தில செங்கல் சூளை. நாங்கள் காலமை உள்ளுக்குப் போகேக்க வீடுகள் எரிஞ்சுகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால போன எங்கட காலாட்படை கொளுத்தினது. சூளைச் சுவரோட ஊர் ஆம்பிளையள் கொஞ்சப் பேரை வரிசையா நிப்பாட்டியிருந்தாங்கள். சாரதிக்கு முன்னால கையகலத்தில ஒரு பிளவுதான் இருக்கும். அதுக்குள்ளால நான் பாத்தன்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். என் மனைவிதான் கேட்டாள்.

"நீங்கள் நிப்பாட்டினீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"சாரதி நிப்பாட்டுறது, நிப்பாட்டு எண்டு சொன்னாத்தான். ஒருத்தரும் சொல்லேல்லை." கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நானும் கேக்கேல்லை. ஊரைக் கடக்க அஞ்சு நிமிசம் எடுத்தது. பின்னால சுட்ட சத்தம் இஞ்சின் சத்தத்துக்குள்ளாலயும் கேட்டது. இதையும் எழுத வேணும் எண்டுதான் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டனான்."

அன்று அதற்கு மேல் வேலை செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "அந்த ஊரை நீங்கள் கட்டாயம் போட வேணும். பேரோட போட வேணும்."

பெயரைக் கண்டுபிடிப்பது என் வேலையாயிற்று. இரண்டு கிழமை, நாள் தவறாமல் மதிய இடைவேளையில் நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போனேன். போருக்கு முன் அச்சான போலந்து வரைபடம் ஒன்றை நூலகப் பெண்மணி தேடி எடுத்துத் தந்தார். ஆறு வளையும் இடம், மரப்பாலத்தின் குறி, சூளையின் குறி எல்லாம் ஒரே ஒரு இடத்தில்தான் சேர்ந்து வந்தன. பெயருக்கு ஏழு எழுத்து. துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போய் ஜேர்மன்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்று தரமும் வேறு வேறு விதமாக வந்தது. பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பிரான்ஸ் வரைபடம் சுலபமாக முடிந்தது. மூன்றாவது, வட ஆபிரிக்காவில் டோப்ரூக். அங்கேதான் அவருடைய போர் முடிந்தது. நாற்பத்தொன்றாம் ஆண்டு ஏப்ரலில் அவுஸ்திரேலியப் படையிடம் பிடிபட்டு, கப்பலேறி, விக்டோரியா மாநிலத்தின் வடக்கே ஒரு போர்க்கைதி முகாமுக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ரெஜிமென்ட் என்ன செய்தது என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, நான் அப்ப இஞ்ச யூக்கலிப்டஸ் விறகு வெட்டிக்கொண்டிருந்தனான்," என்பார். போர் முடிந்து ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் வீடும் இல்லை, வெயிலும் இல்லை. தானாகவே விண்ணப்பித்துத் திரும்பி வந்துவிட்டார்.

டோப்ரூக் வரைபடத்தை அலுவலகத்துப் பிரதி எடுக்கும் அறைக்குக் கொண்டுபோனேன். அமோனியா மணக்கும் அந்த அறையை ஆண்ட மனிதர் ஓர் அவுஸ்திரேலியர். உயரமானவர், சிவந்த கழுத்து, யாரோடும் அதிகம் பேசமாட்டார். தாளை விளக்குக்கு நேரே பிடித்தவர், கீழே இறக்கவேயில்லை.

"ஆர் இதைக் கீறினது?"

"நான்."

"குழி பிழை."

"என்ன குழி?"

"டாங்கி விழுத்த வெட்டின குழி. நீர் கீறியிருக்கிற இடத்தில அது ஆழமில்லை. மண் மூடி முழங்கால் அளவுதான் இருந்தது. அதுக்குப் பின்னால நான் ஆறு மாசம் இருந்தனான்."

இந்த வரைபடம் யாருக்காக என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "டாங்கி ஓட்டினவரோ? இஞ்சயோ? ஸ்பிரிங்வேலிலயோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை வரலாமா என்று அவராகவே கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை நானும் மனைவியும் ஏழு மணிக்கே எழும்பிவிட்டோம். "அவை இரண்டு பேரும் அடிபட்டால் நீங்கள் நடுவில போகக் கூடாது," என்றாள் அவள். ஜேர்மன்காரர் தலைவாரி, கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு நின்றார். அவுஸ்திரேலியர் ஒரு பெட்டி பியரைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தார். கை கொடுத்தார்கள். இருந்தார்கள். நான் வரைபடத்தை விரித்தேன்.

"குழி நாலு மீற்றர் ஆழம்," என்றார் ஜேர்மன்காரர்.

"முழங்கால் அளவு," என்றார் அவுஸ்திரேலியர்.

"நான் அதுக்குள்ள விழுந்தனான், ஐயா!"

"முழங்கால் அளவுக் குழிக்குள்ள விழுந்தீரோ?"

அதோடு தொடங்கியதுதான். மத்தியானம் வரை நிற்கவில்லை. விடியற்காலை டாங்கிகள் வேலியின் இடைவெளியால் உள்ளே வந்தபோது, அவுஸ்திரேலியர்கள் பதுங்குகுழிகளில் அசையாமல் படுத்து அவற்றைத் தலைக்கு மேலால் போகவிட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த காலாட்படையைத்தான் மறித்திருக்கிறார்கள். உள்ளே போன டாங்கிகள் நேராகப் பீரங்கிகளுக்கு முன்னால் போய் மாட்டின. திரும்பி ஓடும்போது புழுதியில் வழி தெரியாமல் எங்கள் வீட்டுக்காரர் டாங்கியைக் குழிக்குள் விட்டார். சக்கரச் சங்கிலி கழன்றது.

"ஒரு டாங்கி சரியா எனக்கு மேலால போனது," என்றார் அவுஸ்திரேலியர். "என்ர தேத்தண்ணிக்குள்ள முழுக்க மண்."

ஜேர்மன்காரர் எழுந்து நின்றார். "அது நான்தான் எண்டு சொல்ல ஏலாது. ஆனா மன்னிச்சுக்கொள்ளும்."

அவுஸ்திரேலியர் அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "முப்பத்துநாலு வருசத்துக்குப் பிறகு தேத்தண்ணிக்கு மன்னிப்பு!"

"பிறகு என்ன நடந்தது?" என்று என் மனைவி கேட்டாள்.

"உள்ளுக்க அஞ்சு பேர் இருந்தனாங்கள். எட்டுக் குண்டு மிச்சம். சுடுறதுக்கு ஒண்டுமே தெரியேல்லை, எல்லாம் புழுதி. எங்கட டாங்கிக்குப் பொறுப்பா இருந்தவரிட்ட ஒரு டின் பிளம்ஸ் ஜாம் இருந்தது. எதிரியிட்டப் போகக் கூடாதெண்டு கரண்டியும் இல்லாமல் விரலால வழிச்சுச் சாப்பிட்டார். எங்களுக்குத் தரேல்லை. அவர் சாப்பிட்டு முடிக்க, வெளியால ஆரோ கல்லால தட்டினான். டொக், டொக், டொக். கதவைத் திறந்தால் ஒரு அவுஸ்திரேலியன். 'குட் மோர்னிங்' எண்டான். நான் கேட்ட முதல் இங்கிலீசு அதுதான்."

"பாத்தீரே, மரியாதையாத் தட்டித்தான் பிடிச்சிருக்கிறம்," என்று அவுஸ்திரேலியர் வடையைக் கடித்தார். உள்ளே பச்சை மிளகாய். பியரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

அதன் பிறகு அவர் சனிக்கிழமைகளில் தவறாமல் வந்தார். கடைசியில் குழியின் ஆழத்தை இருவரும் பாதிப் பாதியாக ஒத்துக்கொண்டார்கள். நான் வரைபடத்தில் அப்படியே குறித்தேன். மூன்று வரைபடங்களும், ஜேர்மன்காரர் எழுதிய இருபது பக்கக் கட்டுரையும் ஜேர்மனிக்குப் போயின.

மூன்று மாதத்தில் சங்கத்திலிருந்து பதில் வந்தது. ஜேர்மன்காரர் அதை மேசையில் வைத்து எங்களுக்கு மொழிபெயர்த்தார். வரைபடங்கள் மிக அழகு. ஆனால் இரண்டு திருத்தம். ஒன்று, டோப்ரூக்கில் அந்த டாங்கி கடைசிக் குண்டு வரை சண்டை செய்து எரிந்ததாகத்தான் எல்லோரும் நம்புகிறார்கள், ஜாம் கதை வேண்டாம். இரண்டு, போலந்து ஊரைக் கட்டுரையிலிருந்தும் வரைபடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். கொளுத்தியது காலாட்படை. எங்கள் ரெஜிமென்ட் அதில் சம்பந்தப்படவில்லை.

"அவையின்ர புத்தகத்தில டாங்கியை எரிய விடும்," என்றார் அவுஸ்திரேலியர். "எனக்கு ஒண்டும் குறையாது. ஆனா அந்த ஊர் இருக்க வேணும்."

"நான் எழுதினதைச் சங்கத்து ஆக்கள் வெட்டலாம். புத்தகம் அவையின்ர," என்றார் ஜேர்மன்காரர். அவருடைய முகம் வாடிப்போயிருந்தது. "வரைபடத்திலயும் சுரண்டிப் போடுவினம். ஒரு பிளேட் போதும்."

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. முதல் பிரதியில் ஊரின் பெயரை நான் பாதைக்குப் பக்கத்தில், வெறுந்தாளில் எழுதியிருந்தேன். அதைச் சுரண்டுவது சுலபம். ஆனால் உண்மையில் அந்த ஊர் பாதையும் ஆறும் சந்திக்கும் இடத்தில்தான் இருந்தது. ரெஜிமென்ட் போன வழியைக் காட்டும் தடித்த அம்புக்குறியும் அதற்குள்ளால்தான் போக வேண்டும்.

"அவையிட்ட எழுதுங்கோ, திருத்தின பிரதி வருகுது எண்டு," என்றேன்.

ஒரு கிழமை எடுத்துப் புதிதாக வரைந்தேன். பாலத்தின் மேலேயே ஊரின் சதுரத்தைப் போட்டேன். அதன் ஏழு எழுத்துகளையும் ஆற்றுக்கும் பாதைக்கும் அம்புக்குறிக்கும் குறுக்கே, மூன்றோடும் பின்னிப் பிணைந்து நிற்கும்படி எழுதினேன். ஓர் எழுத்தைச் சுரண்டினால் ஆறு அறும். இன்னொன்றைச் சுரண்டினால் ரெஜிமென்டே நடுவழியில் காணாமல் போகும். முழு வரைபடத்தையும் வேறு ஒருவர் புதிதாக வரைந்தால் ஒழிய அந்த ஊரை எடுக்க முடியாது. என் தொழிலில் நான் செய்த ஒரே குறும்பு அது. ஆனாலும் ஒரு மில்லிமீற்றர் கூடப் பிழை இல்லை.

என் மனைவி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இது பாஸ்," என்றாள். அந்தக் கிழமைதான் அவளுக்குப் பாடசாலையில் வேலைக்கு அழைப்பு வந்தது. நால்வரும் சேர்ந்து கொண்டாடினோம்.

புத்தகம் எழுபத்தேழில் வந்தது. தடித்த அட்டை, பளபளக்கும் தாள். ஜேர்மன்காரர் கைகழுவித் துடைத்துவிட்டுத் திறந்தார். டோப்ரூக்கில் டாங்கி வீரத்தோடு எரிந்தது. ஊரைப் பற்றிய பந்தி கட்டுரையில் இல்லை. முப்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டினார். என் வரைபடம் இருந்தது. அதன் நடுவில் அந்த ஊர், ஏழு எழுத்தும் குறையாமல், அச்சில் கறுப்பாக நின்றது. கீழே ஒரு வரியில், 'எரிந்த ஊர்' என்று நான் போட்ட குறிவிளக்கமும் இருந்தது. அதை எடுக்க மறந்தார்களோ, எடுக்க மனமில்லாத ஒருவர் அச்சகத்தில் இருந்தாரோ தெரியாது. ஜேர்மன்காரர் என் தோளில் ஓங்கித் தட்டினார். தேத்தண்ணி சிந்தியது.

சில மாதம் கழித்து, பிறேமன் நகரத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதே டாங்கியில் அவரோடு இருந்த பீரங்கிக்காரர் எழுதியிருந்தார். பிடிபட்ட பிறகு வேறு முகாமுக்குப் போனவர், முப்பது வருடத்துக்கு மேல் தொடர்பே இல்லை. கடிதம் நாலே நாலு வரி. ஜேர்மன்காரர் அதை எங்கள் வாசலில் நின்றபடியே மொழிபெயர்த்து வாசித்தார்.

"முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பார்த்தேன். அந்த ஊரின் பெயர் எனக்கு இதுவரை தெரியாது. நான் ஒருவன்தான் அதை மறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நீ சுகமா?"

வாசித்து முடித்து, கடிதத்தை உறைக்குள் வைத்தார். என் மனைவி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருக்கவில்லை.

"உம்மட்ட நல்ல பேனை இருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

என் வரைபேனையைக் கொடுத்தேன். அன்று பின்னேரம் முழுவதும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பதில் எழுதினார். இடையிடையே தனக்குத் தானே சிரித்தது எங்கள் சமையல் யன்னலுக்குக் கேட்டது. ஆறு பக்கம் வந்தது.