அலுமாரியில் இருந்த கோளாறு

கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் படமெடுப்பது என் தொழில். கல்முனையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் ஆண் படப்பிடிப்பாளர் எட்டிப் பார்க்க முடியாத அறைகள் எனக்குத் திறக்கும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: படங்கள் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. என்னை நம்பி ஒப்படைத்த அமானிதமாக அதை நான் காத்து வந்தேன். கணினி பழுதாகிக் கடைக்குப் போகும்போதெல்லாம், படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை முதலில் கழற்றி, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிடுவேன். வெறும் பெட்டிதான் கடைக்குப் போகும். இன்னொரு பிரதியும் எடுத்து வைப்பதில்லை. பிரதி கூடினால் காவலும் கூட வேண்டும் என்பது என் எண்ணம்.

மேசைக்கு அடியில் நிற்கும் அந்தப் பழைய கறுப்புப் பெட்டி சில காலமாகப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, நான் போய் உலை வைத்துவிட்டு வரலாம். கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் தன்னுடைய டிஸ்க் ஒன்றை உள்ளே பூட்டி ஓட்டிப் பார்த்தார். "இது பறக்குது ராத்தா, ஒரு பழுதுமில்ல" என்றார். வீட்டுக்கு வந்து என் டிஸ்க்கைத் திரும்ப உள்ளே பூட்டினால் மறுபடியும் நொண்டியது. திரும்பவும் தூக்கிக்கொண்டு போனேன். விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தட்டினார், ரெம் என்கிற நினைவகத்தைக் கூட்டிப் போட்டார். அங்கே பறந்தது, இங்கே தவழ்ந்தது. "என்ட வீட்டுக்கு வந்தா மட்டும் அதுக்கு நோய் வருத்தம் வருதோ?" என்று அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அந்த நாட்களில்தான் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். சில வருடங்களுக்கு முன் நான் படமெடுத்த மணப்பெண். அவளுடைய உம்மா மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்திருந்தது.

அந்த உம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கமராவைக் கண்டால் முக்காட்டை இழுத்து முகத்தை மூடுகிறவர். மகளுக்கு மருதோன்றி போட்ட அன்று யாரோ ஒரு பகிடி விட்டார்கள். முகத்தை மூட மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நானும் கமராவை அமுக்கிவிட்டேன். மணப்பெண் மணப்பெண்ணாகத் தலை குனிந்து இருந்ததால் அவள் அதைக் காணவில்லை. உம்மா ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அல்பத்தில போட வேணாம் மகள். அழிக்கவும் வேணாம். உங்களுக்கிட்டயே கிடக்கட்டும். ஆம்புளைகள்ர கண்ணில மட்டும் பட்டுரக் கூடாது."

அவருடைய மகள் இப்போது என் முன்னால் இருந்தாள். "உம்மாட படமெண்டு எங்களுக்கிட்ட ஐடென்டிகார்ட் படம்தான் கிடக்கு ராத்தா. அதில ஆரயோ கண்டு பயந்த மாதிரி இருக்கா. நீங்க ஒண்டு எடுத்ததெண்டு கடைசி நேரத்திலதான் சொன்னா. ஒருக்காப் பார்க்கணும்."

படங்கள் இருந்த கோப்பைத் திறந்தேன். கணினி அப்படியே உறைந்து நின்றது. எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. கத்தாரில் கணினி வேலை பார்க்கும் என் தம்பிக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"வயலுக்குத் தண்ணி வரல்லெண்டா, எங்க அடைச்சிக் கிடக்கெண்டு வாப்பா வாய்க்கால் நெடுகப் பார்த்துக்கிட்டுப் போவாரே, அப்படித்தான் இதையும் பார்க்கணும் ராத்தா. டாஸ்க் மனேஜரத் திறங்க. எது நிறைஞ்சி நிக்குது?"

திறந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். புரொசசர் கிட்டத்தட்டத் தூக்கத்தில் இருந்தது. ரெம் பாதிக்கு மேல் காலி. டிஸ்க் மட்டும் நூறு வீதத்தில் ஏறி இறங்காமல் நின்றது, ஆனால் அதிலிருந்து வந்ததோ சொட்டுச் சொட்டாக. பெட்டியில் காதை வைக்கச் சொன்னான். உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம்.

"இந்த டிஸ்க்க கடைக்காரர் ஒருக்காலும் பார்க்கல்லையா?"

"எப்படிப் பார்ப்பாரு? அதத்தானே கழட்டி அலுமாரியில வெச்சிட்டுப் போவேன்."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. நோயாளியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, சுகமாக இருந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கித் திரிந்திருக்கிறேன்.

டிஸ்க் சாகப்போகிறது, உடனே கணினியை நிறுத்துங்கள், படங்களை மீட்டுத் தருகிற இடம் கொழும்பில் இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்றான் தம்பி. அங்கே பெண்கள் வேலை செய்கிறார்களா என்று கேட்டேன். தெரியாது என்றான். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தலையை அசைத்தாள். "வேணாம் ராத்தா. உம்மா சொன்ன சொல்லு." நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது. வற்புறுத்தியிருந்தால் வேறு விதமாக அடித்துக்கொண்டிருக்கும்.

"அப்படியெண்டா வேற ஒண்டையும் தொட வேணாம். அந்தப் படத்த மட்டும் பென் டிரைவில இழுத்துப் பாருங்க" என்றான் தம்பி. அவனுடைய குரலில் நம்பிக்கை இல்லை. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்தும், பிரதியாவதைக் காட்டும் பச்சைக் கோடு நகரவில்லை. இருவரும் துஆ ஓதிக்கொண்டு இருந்தோம். ஒரு வழியாகப் படம் வந்து சேர்ந்தது. திறந்தேன். மேலே சோடனை விளக்குகள், அடுத்து முக்காடு, நெற்றி, இரண்டு கண்கள். மூக்குக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். திரும்ப ஒருமுறை எடுக்கப் பார்த்தபோது அந்த டிக் டிக்கும் நின்றது. டிஸ்க் என்று ஒன்று இருப்பதாகவே கணினி அதன்பிறகு காட்டவில்லை.

அவள் திரையில் சாம்பல் தொடங்குகிற இடத்தைத் தொட்டாள். "இதுக்குக் கீழதான் சிரிப்பா?"

"ஓம்."

"நீங்க கண்டீங்கதானே ராத்தா. எப்படிச் சிரிச்சா எண்டு சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினேன். பல் தெரிய, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து... எந்த உம்மாவும் சிரிக்கக்கூடிய ஒரு சிரிப்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் நான் பார்த்தது வெளிச்சத்தை. யாருடைய தோளாவது குறுக்கே வருகிறதா என்று பார்த்தேன். படம் கைக்கு வந்துவிட்டது, பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். அல்பத்தில் போடாத படமானதால் பிறகும் அதைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பை நானும் பார்க்கவில்லை.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.