தலைவர் சொன்னபடியே எழுதிய வரி

“...எண்டு எழுதச் சொல்லி உம்மட்ட ஆர் கேட்டது? கூட்டத்தில ஒரு மனிசன் ஆயிரம் கதைப்பான். அதையெல்லாம் மினிட்ஸில ஏத்திறதோ?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் நடுவே உள்ள ஒரு பழைய தனியார் பள்ளிக்கூடம். அதன் நிர்வாகசபையில் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் அங்கே படித்தவர்கள், அல்லது படித்தவர்களின் மருமக்கள். நான் கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருப்பவன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிள்ளைகள் அங்கே படித்ததால் பெற்றோர் பிரதிநிதியாக உள்ளே போனேன். கை வேகமாக ஓடுகிறது என்று கண்டதும் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதும் செயலாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

எனக்கொரு பழக்கம். ஆட்கள் பேசுவதை அப்படியே எழுதுவேன். நான் தமிழ் படித்தது பஸ்ஸிலும் சலூனிலும்தான். ‘ஆராயப்பட்டது, தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் அந்த மனிதரின் குரல் போய்விடும்.

போன மாதக் கூட்டத்தில் பேச்சு முதலாம் வகுப்பு டீச்சரைப் பற்றியது. இருபத்தாறு வருடம் அந்த வகுப்பில் நின்றவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். வகுப்பை முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றப் போகிறோம், டீச்சரின் ஆங்கிலம் போதாது, வேலையிலிருந்து நிறுத்துவோம் என்று இரண்டு பேர் தொடங்கினார்கள். அன்றைக்குப் பழைய மாணவிகள் சிலர் பார்வையாளராக வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தலைவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “நான் தலைமை தாங்கிற கூட்டத்தில டீச்சரின்ர நிழலைக்கூட ஒருத்தரும் தொடேலாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான். பேச்சென்றால் இது பேச்சு என்று, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

டீச்சரிடம் சொன்னபோது, “அண்ணை, எழுதிப்போட்டீங்களோ? அப்ப எனக்குப் பயமில்லை,” என்றார்.

இந்த மாதம் பார்வையாளர் யாரும் இல்லை. டீச்சரை வெளியே வாங்குப் பலகையில் இருத்தியிருந்தார்கள். அவரை நிறுத்தும் கடிதம் தட்டச்சாகி மேசையில் கிடந்தது. அதற்குக் குறுக்கே நின்றது என்னுடைய அந்த ஒரு வரிதான்.

“வெட்டிப்போட்டு வாசியும்,” என்றார் தலைவர்.

“ஏலாது சேர். நீங்கள் சொன்னது.”

“கலியாணக் கார்ட் அடிக்கிற ஆளிட்ட மினிட்ஸைக் குடுத்தது எங்கட பிழை.”

இரண்டு பேர் சிரித்தார்கள்.

“கலியாணக் கார்டிலயும் மாப்பிள்ளையின்ர பேரை மாத்தி அடிக்கிறேல்லை சேர்,” என்றேன்.

இப்போது உபதலைவர் சிரித்தார். இந்திய வம்சாவளிக் குடும்பம், புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம். எல்லாத் தீர்மானங்களையும் வழிமொழிவது அவர்தான், சிலவேளை வாசித்து முடிக்கும் முன்னரே. “அவரு சொல்றதும் சரிதானுங்களே,” என்றார் தேநீரோடு வந்த ரோல்ஸை மென்றபடி.

தலைவரின் முகம் கறுத்தது. அவர் சட்டத்தரணி. “எங்க, அந்த வரியைத் திரும்ப வாசியும். ஆறுதலா.”

மேடையில் வாசிப்பதுபோல வாசித்தேன். ‘நான் தலைமை தாங்கிற கூட்டத்தில’ என்ற இடத்தில் அவருடைய விரல் மேசையில் ஒருமுறை தட்டியது. நான் முடிக்கவும் ரயில் வந்தது. ரயில் போகும்வரை அங்கே யாரும் பேசமாட்டார்கள். வாயில் வந்ததை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பது அந்தச் சபையின் வழக்கம். ஜன்னல்கள் அதிர்ந்தன. அவர் கண்ணாடியை எடுத்து மெல்லத் துடைத்தார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது, என் மேலும்தான். ‘டீச்சர் ஓய்வுவரை இருப்பார் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று, உயிரில்லாவிட்டாலும், ஒரு வரி எழுதியிருக்கலாம்.

“நல்லா எழுதியிருக்கிறீர். ஒரு சொல்லும் வெட்ட வேண்டாம்,” என்றார். பிறகு உபதலைவர் பக்கம் திரும்பினார். “முதலாளி, அடுத்த விஷயத்துக்கு மட்டும் நீங்கள் தலைமை தாங்குங்கோ.”

“ஐயையோ, எனக்கெதுக்குங்க?”

“ரெண்டு நிமிஷம்தான்.”

தலைவர் எழுந்தார். கடிதத்தையும் தன் தேநீரையும் எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் காலியாகக் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். டீச்சரை நிறுத்துவதற்குச் சம்மதமானவர்கள் கையை உயர்த்தலாம் என்று உபதலைவர் தடுமாறிச் சொல்லி முடிக்கும் முன்னரே, முதல் ஆளாகத் தலைவர் கையை உயர்த்தினார்.