மாமா சொன்ன சிவப்பு அடுக்கு

கறுப்பு மண்ணைப் பார்த்துவிட்டால் என் தாய்மாமாவுக்கு வாய் நிற்காது. மகாராஷ்டிராவில் போர்க் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை அவருக்கு. லீவுக்கு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார். அங்கே ஒரு காலத்தில் பூமிக்குள்ளிருந்து நெருப்புக்குழம்பு வழிந்து ஆறிக் கல்லாகி, அதன்மேல் அடுத்த குழம்பு வழிந்து, தோசைமேல் தோசை அடுக்கிய மாதிரி கிடக்கிறதாம். பசால்ட் என்று பெயராம். இரண்டு தோசைக்கு நடுவில் மாட்டிய பழைய மண், சூட்டில் வெந்து செக்கச்செவேலென்று ஆகிவிடுமாம். அந்தச் சிவப்பு அடுக்கைத் தொட்டால் தண்ணீராம். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போயிற்று.

பேச்சோடு விட்டாரா மனிதர்? திருச்சுழிப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டுக் கரிசல் காடு இருந்தது. மேலே அதே கறுப்பு மண் இருக்கிறது, அப்படியானால் கீழேயும் அதே கல்தான் என்று அடித்துச் சொன்னார். தம்பி சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சுக் கிடையாது. அப்பா அருப்புக்கோட்டையில் கொத்தனார். அவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று, ரிக் வண்டி காட்டுக்கு வந்தது. மோட்டார் ரூம் கட்டுவதற்கு அப்பா செங்கல்கூட இறக்கிவிட்டார்.

பெரியப்பா வீட்டார் வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர் வராவிட்டால் அவர்கள் முன்னால் அம்மா தலைநிமிர முடியாது. துளைக்குள் ஒவ்வொரு இரும்பு ராடு இறங்கும்போதும் மேலே வரும் பாறை மாவில் ஒரு கை எடுத்து வரிசையாகக் குவித்து வைத்தார் வண்டிக்காரர். முதலில் கறுப்பு, அப்புறம் வெள்ளை, அதற்கப்புறம் சாம்பல், சாம்பல், ஒரே சாம்பல். மாமா அதை மோந்துகூடப் பார்த்தார். எங்கேப்பா உன் தோசை என்று ராடுக்கு ராடு பெரியப்பா கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

வெயில் தாழ்ந்தபோது அப்பா எழுந்தார்.

“போதும் மாப்ளே, நிப்பாட்டிருவோம்.”

மாமா வாயடைத்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டீத்தூக்கோடு நின்ற அம்மாவைக் காணோமே என்று தேடினேன். செங்கல் அடுக்குக்குப் பின்னால் குத்தவைத்து, ஓர் அரைச்செங்கல்லை நச்சுநச்சென்று நுணுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்கள் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து, அந்தப் பொடியைக் கடைசிக் குவியலில் கலந்துவிட்டாள்.

“இங்க வந்து பாருங்க, செவப்பு வந்துருக்கு.”

மாமா ஓடி வந்தார். அப்பா மெதுவாக வந்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“ஆமா, செவப்புத்தான்,” என்றார் அப்பா. “இன்னும் ரெண்டு ராடு எறக்குங்கப்பா.”

இறக்கினார்கள். அதே சாம்பல்தான் வந்தது, தண்ணீர் இல்லை. ரிக் வண்டி கிளம்பிப் போயிற்று.

இந்தப் பக்கம் நெருப்புக்குழம்பு வழியவே இல்லை, இது வேறு ஜாதிப் பாறை, பசால்ட் இல்லாமலும் கரிசல் மண் உண்டாகும் என்று கல்லூரியில் படித்து வந்து மாமாவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அசைவாரா? போன மாதம் ஒரு காதுகுத்து விருந்தில்கூட, இலையில் சோறு ஆற ஆற, எங்கள் காட்டில் அடுக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்ததும், “என்ன மருமகளே, ஒங்கப்பாவே தொட்டுப் பாத்து ஆமான்னு சொன்னாகல்ல,” என்று அடக்கிவிட்டார். அப்பா பக்கத்து இலையில் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போர் போட்ட அன்றைக்குக் காட்டிலிருந்து திரும்பும்போது, மாமாவும் அம்மாவும் முன்னால் போக, நான் பொறுக்கமாட்டாமல் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, அது செங்கல் பொடி, அம்மா நுணுக்கியதை நான் பார்த்தேன் என்று சொன்னேன். பேசாமல் வா என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. விடிந்தால் அடைந்தால் செங்கல்லோடு கிடக்கிற மனிதர், செங்கல் பொடியைத் தொட்டுப் பார்த்தும் தெரியவில்லையே, இவரெல்லாம் என்ன கொத்தனார் என்று வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன்.