வில்மாரின் இடது கை

"எழுந்திருங்க முதலாளி, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!" என்று தன் இடது கையைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார் வில்மார். மடியில் முட்டியாகச் சுருண்டு கிடந்த அந்தக் கை அசையவில்லை. வலது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். விட்டதும் அவை மறுபடி மடங்கிக்கொண்டன.

"பாத்தியா நோஎலியா? வேலையும் செய்ய மாட்டாரு, வீட்டை விட்டும் போக மாட்டாரு. முதலாளின்னு சும்மாவா பேர் வச்சேன்?"

கைப்பயிற்சி கொடுக்கும் நோஎலியா சிரித்துக்கொண்டே அவர் தலையில், கண்ணை மூடி உள்ளே படம் காட்டும் அந்தப் பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டி, பின்பட்டையை இறுக்கினாள். மருத்துவமனையில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வில்மாருக்கு அது "முக்குளிக்கிறவன் கண்ணாடி".

மொண்டெவிடியோவில் வில்மாரின் பேருந்தில் ஏறாதவர்கள் குறைவு. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி, இடது அக்குளில் தெர்மோஸை இடுக்கிக்கொள்வார். அதே கையில் மாத்தே குடுவை. வலது கையால் சுடுதண்ணீர் ஊற்றி, அந்தக் கசப்பு இலைச்சாற்றின் முதல் குடுவையை உலோகக் குழலால் தானே உறிஞ்சிவிட்டு, அடுத்ததை இடது கையால் நீட்டுவார். மற்ற ஓட்டுநர்கள், நடத்துநர், செய்தித்தாள் விற்பவன் என்று ஒரே குடுவை வட்டம் சுற்றி வரும். ஊற்றுவது எப்போதும் அவர்தான். ஞாயிறு மாலைகளில் கடல்போல் விரிந்த ஆற்றின் கரையோரச் சாலைப் பெஞ்சில் அந்த வட்டம் இரண்டே பேராகச் சுருங்கும்: அவரும் மனைவி சூல்மாவும்.

ஒரு காலையில் குடுவை அந்தக் கையிலிருந்து தானாக நழுவியது. பக்கவாதம். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வாயோ ஒரு நாள்கூட ஓயவில்லை. இடது கை மட்டும் மார்போடு ஒட்டி, விரல்களை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டது. விதியின் கேலியைப் பாருங்கள், தெர்மோஸை இடுக்க அதைவிட நல்ல கை ஊரிலேயே கிடையாது! வைத்தால் விழாது, எடுப்பதுதான் பெரும்பாடு. ஆனால் குடுவையை நீட்டிவிட்டு விரலைத் திறக்க வேண்டுமே, அதுதான் வரவில்லை.

"நான் ஊத்தித் தரேன் கிழவா" என்றாள் சூல்மா.

"இந்த வீட்டுல ஊத்துறவன் நான்தான்."

"சரி, மேசையில வை. நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோன்னு வச்சிட்டுப் போக இது என்ன ஹோட்டலா? கைக்குக் கை குடுக்கணும், அதுவும் இந்தக் கையால. முதலாளி எழுந்துக்கட்டும், அப்புறம் குடிப்போம்."

அன்றிலிருந்து சூல்மா சமையலறையில் தனியாக மாத்தே குடித்தாள். அந்த உறிஞ்சுகுழலின் ஓசை கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

கண்ணாடிக்குள் வேறோர் உலகம். முதலில் அங்கே ஆரஞ்சு பறிக்கும் விளையாட்டுதான் இருந்தது. "நடுக்கூடத்துல எவன்மா ஆரஞ்சு பறிக்கிறான்? எனக்கு ஒரு குடுவையைக் குடு" என்று வில்மார் தினமும் நச்சரித்தார். கடைசியில் கணினிப் பிரிவு யமாண்டூ ஒரு மேசையும் குடுவையும் வரைந்து கொடுத்தான். எதிரே ஓர் ஒல்லியான பெண்ணையும் உட்கார வைத்தான். பாவம், அந்தப் பெண் எந்தத் தேசத்து மென்பொருளிலிருந்து வந்தாளோ! குடுவையை வாங்கியதும் தேநீரில் கரண்டி விட்டதுபோல உறிஞ்சுகுழலைக் கலக்குவாள்.

"ஆட்டாதேம்மா! குழலைத் தொடாதே! உங்க வீட்டுல சொல்லித் தரலையா?" என்று வில்மார் கூரை அதிரக் கத்துவார். பக்கத்துக் கட்டில்களில் பயிற்சி செய்துகொண்டிருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு நீட்டும்போது, கண்ணாடிக்குள் அவருடைய இடது கை மலர்ந்தது. ஐந்து விரலும் அழகாக விரிந்தன. முதல் முறை அதைப் பார்த்தபோது கண்ணாடியின் ஓரமாகக் கண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். "கிழவி, கிளம்பு. கரைக்குப் போறோம்." சூல்மா ஒன்றும் கேட்கவில்லை. உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாள்.

பெஞ்சில் பழைய நடத்துநர் ஹெபர் காத்திருந்தார். வில்மார் குடுவையை இடது கை முட்டிக்குள் திணித்து, ஊற்றி, முதல் குடுவையைக் குடித்து முடித்தார். மறுபடி ஊற்றி நீட்டினார். வீட்டுக்காரியை விட்டுவிட்டு விருந்தாளிக்கு முதலில் கொடுக்கும் மரியாதை. ஹெபர் குடுவையைப் பிடித்தார். விரல்கள் திறக்கவில்லை.

"விடுடா வில்மார்."

"விட்டுட்டேன்டா!"

ஹெபர் இழுத்தார். இழுக்க இழுக்க முட்டி இறுகியது. சட்டென்று குடுவை பிடுங்கிக்கொண்டு பறந்தது. சுடுதண்ணீரும் இலைத்தூளும் ஹெபரின் வெள்ளைக் கால்சட்டை முழுவதும். ஹெபர் வலியை மறைத்துக்கொண்டு குனிந்து குடுவையை எடுத்தார். "பரவால்லடா... குடு, நான் ஊத்துறேன்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் வில்மாரின் நெஞ்சைப் பிளந்தது. எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்துவிட்டார்.

மறுநாள் பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. நோஎலியாவின் தொலைபேசி அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. கையை முதலாளி என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். கேலி பேசாத வில்மாரைச் சூல்மாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் காலை அவருடைய கோட்டை எடுத்து வந்து மடியில் போட்டாள்.

"நோஎலியா ஏமாத்திட்டாள்னு சுவத்துகிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவ மூஞ்சிக்கு நேரா வந்து கேளு."

சூல்மாவோடு பயிற்சி அறைக்குப் போய்க் கேட்டார். "அந்தக் கண்ணாடி பொய் சொல்லுது, இல்லையா?"

நோஎலியா தலைகுனியவில்லை. "ஆமா. நீங்க ஒரு நகக்கண் அளவு திறந்தா, உள்ள முழுக் கையும் திறக்கிற மாதிரி காட்டும். முதல் நாளே சொன்னேன். ஆனா நீங்க கேக்குற நிலைமையில இல்ல. திரும்பவும் சொல்லியிருக்கணும், அது என் தப்பு."

"எதுக்கு இந்தப் பொய்?"

"கை போயிடுச்சுன்னு உங்க மூளை முடிவு பண்ணிடுச்சு, வில்மார். முயற்சியே பண்ண மாட்டேங்குது. திறக்கிற மாதிரி கண்ணு பாத்தா, இன்னொரு தடவை பண்ணிப் பாக்கலாம்னு அதுக்குத் தோணும். அந்த நகக்கண் அளவு பொய் இல்ல. வந்த புதுசுல அதுவும் இல்ல. ஆனா யாராவது இழுத்தா, அவசரப்படுத்தினா, இறுகிடும்."

வில்மார் மடியில் கிடந்த கையைக் குனிந்து பார்த்தார். இதற்குள் சூல்மா அந்தக் கண்ணாடியை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என் கை தவளைக் கை மாதிரி விரியுதே!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "யாரு இவ?"

"யாரு?"

"இந்த ஒல்லிக்குச்சி! குழலைப் போட்டுக் கலக்குறா, வெக்கங்கெட்டவ!"

"அதான் நானும் தினம் சொல்றேன்" என்றார் வில்மார், தன்னை மறந்து.

சூல்மா கண்ணாடியைக் கழற்றினாள். கண் மை கன்னம் வரை கரைந்திருந்தது.

"தினமும் இவளுக்குத்தான் ஊத்திக் குடுத்தியா? நான் அங்க சமையல்கட்டுல ஒத்தையா உக்காந்து குடிக்கிறேன். முழுக் கை வந்தாத்தான் எனக்குன்னு வச்சிட்டு, இந்தப் பொம்மைக்கு ஊத்திக் குடுத்தியா, கிழவா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. வில்மார் அவள் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நோஎலியாவிடம் திரும்பினார்.

"நாளைக்கு வரேன். அந்தப் பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வா. நம்ம முதலாளி எவ்வளவு திறக்கிறாருன்னு நானே பாத்துக்கறேன்."

மருத்துவமனையிலிருந்து நேராகக் கரைக்குப் போனார்கள்; சூல்மாவின் பையிலிருந்த தெர்மோஸும் குடுவையும் இப்போது அவரிடம். குளிர்க்காற்றில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. அவர் தெர்மோஸை அக்குளிலிருந்து இழுத்து உருவினார். முதல் குடுவை அவருக்கு. இரண்டாவதை ஊற்றி, இடது கை முட்டியை முழங்கை நீளும் மட்டும் நீட்டினார்.

"இழுக்காதே" என்றார்.

சூல்மா இழுக்கவில்லை. குனிந்து, அவர் முட்டிக்குள்ளிருந்த குடுவையின் குழலிலேயே வாய் வைத்து, அதைத் துளியும் அசைக்காமல், அடியில் ஓசை வரும்வரை உறிஞ்சிக் குடித்தாள். பிறகு நிமிர்ந்து, தன் உள்ளங்கையை அந்த முட்டிக்கு அடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவர் கையைப் பார்க்காமல், பழுப்பாக அலையடிக்கும் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.